கடன் இரட்டிப்பா, பற்றாக்குறை பாதியா? ஒரகடம் பஸ்ஸில் சுற்றும் இரண்டு ஃபார்வர்டுகளும், பட்ஜெட் புத்தகம் சொல்லும் கணக்கும்

மாலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலை, போனை ஆன் செய்வது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வகை மெசேஜ்கள் மாறி மாறி வந்தன.

ஒன்று: "தமிழ்நாட்டுக் கடனை அஞ்சே வருஷத்துல டபுள் ஆக்கிட்டாங்க." இன்னொன்று: "அவங்க விட்டுட்டுப் போன பற்றாக்குறையைப் பாதியா குறைச்சோம்."

இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலும் சொல்லாமல் விட்டது அதைவிட அதிகம். "நாங்கதான் சிக்கனமா ஆட்சி நடத்தினோம்" என்று திமுகவும் சொல்கிறது, அதிமுகவும் சொல்கிறது. மேடையில் சொன்னதையும் கணக்கில் பதிவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எல்லாம் தொடங்கிய இடம்: 2021 ஆகஸ்ட் 9

ஆட்சிக்கு வந்து மூன்று மாதத்தில், அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதி நிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2001-ல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் நிதியமைச்சர் பொன்னையன் இதேபோல ஒன்றை வெளியிட்டார். ஆட்சி மாறியதும் "கஜானா காலி" என்று அறிவிப்பது இங்கே ஒரு மரபு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் 2021 அறிக்கை பேசப்பட்டதற்குக் காரணம் அதன் விவரம். 2020-21-ல் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.61,320 கோடி, மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3.16%. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ரூ.2,63,976 பொதுக்கடன். அந்த ஒரு எண் மறுநாளே எல்லா டீக்கடைகளுக்கும் போய்விட்டது.

வருவாய்ப் பற்றாக்குறை என்றால்? சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் விழும் துண்டு. வீட்டு லோன் வாங்குவது வேறு. மளிகைக் கடைக்கு கிரெடிட் கார்டு தேய்ப்பது வேறு. வருவாய்ப் பற்றாக்குறை இரண்டாவது ரகம். 2013-14 முதல் தமிழ்நாடு ஒவ்வொரு ஆண்டும் இந்தத் துண்டோடுதான் ஓடுகிறது. 2003-லேயே நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கிளெய்ம் 1: "பற்றாக்குறையைப் பாதியாக்கினோம்"

2023 மார்ச் 20 பட்ஜெட் உரையில் இதைச் சொன்னவர் தியாகராஜன். ஏறத்தாழ ரூ.62,000 கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறையை ஏறத்தாழ ரூ.30,000 கோடிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பது அவர் வாதம்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆண்டின் கணக்குக்கு மூன்று எண்கள் உண்டு. ஆண்டு தொடங்கும் முன் சொல்வது பட்ஜெட் மதிப்பீடு. ஆண்டு முடியும் தறுவாயில் சொல்வது திருத்திய மதிப்பீடு. எல்லாம் முடிந்து கணக்கு மூடியபின் வருவது உண்மைக் கணக்கு. மேடையில் எப்போதும் ஒலிப்பது முதல் இரண்டும்தான். மூன்றாவது வரும்போது தலைப்புச் செய்தி மாறிப்போயிருக்கும்.

வரிசையாகப் பார்த்தால் படம் இப்படி:

• 2021-22: உண்மைக் கணக்கில் ரூ.46,538 கோடி.
• 2022-23: பட்ஜெட்டில் சொன்னது ரூ.52,781 கோடி. திருத்தியது ரூ.30,476 கோடி. உண்மையில் ரூ.36,215 கோடி.
• 2023-24: பட்ஜெட்டில் ரூ.37,540 கோடி. உண்மையில் ரூ.45,121 கோடி.
• 2024-25: திருத்திய மதிப்பீடு ரூ.46,467 கோடி.
• 2025-26: பட்ஜெட் மதிப்பீடு ரூ.41,635 கோடி.

ஆக, "பாதி" என்று சொன்ன எண், கணக்கு முடிந்தபோது கிட்டத்தட்ட ரூ.6,000 கோடி கூடிவிட்டது. இருந்தாலும் 61 ஆயிரம் கோடியிலிருந்து 36 ஆயிரம் கோடிக்கு இறங்கியது சாதாரண விஷயமில்லை. அதை மறைக்கத் தேவையும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே அது மறுபடி 45 ஆயிரம் கோடிக்கு ஏறியது. 2023 மே மாதம் இலாகா மாறி, தங்கம் தென்னரசு நிதியமைச்சர் ஆனார். அதன்பின் "பாதியாக்கினோம்" என்ற வாக்கியம் மட்டும் மேடையில் தங்கிவிட்டது.

இன்னொன்று, ஒப்பிடத் தேர்ந்தெடுத்த ஆண்டு. 2020-21 கொரோனா ஊரடங்கு ஆண்டு. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் அசெம்ப்ளி லைன்கள் நின்றுபோன ஆண்டு. 2020 பிப்ரவரியில் ஓ.பன்னீர்செல்வம் அந்த ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு சுமார் ரூ.21,600 கோடிதான். வரி வருமானம் விழுந்து, செலவு கூடி, அது மூன்று மடங்கு ஆனது. பள்ளத்தில் நின்று அளந்தால் எந்த மேடும் மலையாகத் தெரியும். அந்தப் பள்ளம் முழுவதற்கும் அன்றைய அரசை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஏறி வந்த உயரம் முழுவதற்கும் அடுத்து வந்த அரசு மட்டும் பெருமை கொள்ளவும் முடியாது.

கிளெய்ம் 2: "கடனை இரட்டிப்பாக்கிவிட்டார்கள்"

இது அதிமுக தரப்பின் ஆயுதம். 2021 மார்ச் இறுதியில் கடன் சுமார் ரூ.4.85 லட்சம் கோடியாக இருக்கும் என்று அந்த ஆண்டு இடைக்கால பட்ஜெட் சொன்னது. 2026 மார்ச் இறுதியில் ரூ.9,29,959 கோடியாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட் சொல்கிறது. ஐந்து ஆண்டில் 1.9 மடங்கு. கிட்டத்தட்ட இரட்டிப்பு. கூட்டல் கழித்தலில் தப்பில்லை.

சரி, அதே ஸ்கேலை அதிமுகவின் பத்து ஆண்டுகள் மீது வைத்தால்? 2011 மார்ச் இறுதியில் கடன் ஒரு லட்சம் கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. 2021-ல் 4.85 லட்சம் கோடி. அதாவது பத்தே ஆண்டில் சுமார் 4.8 மடங்கு. ஆண்டு சராசரி வளர்ச்சியாகப் போட்டால், அதிமுக காலத்தில் சுமார் 17%; திமுக காலத்தில் சுமார் 14%.

அதிமுகவுக்கு நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: 2016-17-ல் உதய் திட்டத்தின்கீழ் மின்வாரியக் கடன் ரூ.22,815 கோடியை மாநில அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. கடைசி ஆண்டில் கொரோனா. இரண்டையும் கழித்தாலும் "நாங்கள் கடன் வாங்காத கட்சி" என்று சொல்லும் தகுதி யாருக்கும் வரவில்லை.

இது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. அரசின் செலவைக் குறைப்பேன் என்று சொல்லி ஜெயித்த அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனின் எட்டு ஆண்டுகளில், அந்நாட்டின் கடன் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. சிக்கனம் பேசுவதற்குச் செலவு ஆகாது. வரியை உயர்த்துவதற்கும் செலவைக் குறைப்பதற்கும்தான் ஓட்டு செலவாகும்.

அந்தக் குடும்பக் கணக்கு என்ன ஆச்சு?

ரூ.2,63,976 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் சுவாரஸ்யம். ரூ.5,70,189 கோடியை சுமார் 2.16 கோடி குடும்பங்களால் வகுத்தால் அந்த எண் கிடைக்கிறது. ஆனால் 5,70,189 கோடி என்பது 2022 மார்ச் இறுதியில் கடன் எவ்வளவு இருக்கும் என்று இடைக்கால பட்ஜெட் மதிப்பிட்ட தொகை. அதாவது, முந்தைய ஆட்சி விட்டுப்போன கடன் என்று ஊருக்குச் சொல்லப்பட்ட எண்ணில், புதிய ஆட்சி வாங்கப்போகும் கடனும் சேர்ந்திருந்தது.

இப்போது அதே வகுத்தலை 2026 மார்ச் மதிப்பீட்டுக்குப் போட்டால் குடும்பத்துக்குச் சுமார் ரூ.4.3 லட்சம் வருகிறது. இந்த எண்ணை 2025-ல் ஆளுங்கட்சி மேடையில் யாரும் சொல்லவில்லை. எதிர்க்கட்சி மேடையில் இதைத்தான் சொன்னார்கள். 2021-ல் சரியான அளவுகோலாக இருந்தது 2025-ல் தப்பான அளவுகோல் ஆகிவிடாது. 2025-ல் தப்பு என்றால் 2021-லும் தப்புதான்.

உண்மையில் இது நல்ல அளவுகோலே இல்லை. மாதம் ரூ.15,000 சம்பாதிப்பவருக்கு ரூ.5 லட்சம் கடன் ஒரு பாரம். ரூ.60,000 சம்பாதிப்பவருக்கு அது ஒரு கார் லோன். அதனால்தான் கடனை மாநில உற்பத்தி மதிப்போடு ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 2021 இடைக்கால பட்ஜெட் மதிப்பிட்ட விகிதம் 26.69%. 2025-26 பட்ஜெட் மதிப்பிடும் விகிதம் 26.07%. ஐந்து ஆண்டுச் சண்டைக்குப் பிறகும் முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது.

கடன் வாங்கி என்ன செய்தார்கள்?

உண்மையான கேள்வி இதுதான். 2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகால் சிப்காட்டில் ரூ.706.50 கோடியில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரம் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கானது. 2021 டிசம்பரில் தனியார் விடுதி உணவால் பலர் உடல்நலம் பாதிக்கப்பட்டு, பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. இப்படிப்பட்ட ஒன்றுக்குக் கடன் வாங்கினால் அது முப்பது, நாற்பது ஆண்டு நிற்கும். பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை திட்டமிடப்பட்டுள்ள மெட்ரோவும் அந்த ரகம்தான்.

ஆனால் மொத்தக் கடனில் எவ்வளவு இப்படிப் போகிறது? 2020-21-ல் அரசு வாங்கிய நூறு ரூபாய் கடனில் சுமார் 66 ரூபாய் அன்றாடச் செலவின் துண்டை அடைக்கவே போனது. 2023-24 உண்மைக் கணக்கில் அது சுமார் பாதி. 2025-26 பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை ரூ.1,06,963 கோடி, அதில் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 39%. மூலதனச் செலவுக்கு ரூ.57,231 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள்.

66-லிருந்து 50-க்கு வந்தது நடந்த முன்னேற்றம். 39 என்பது பட்ஜெட் போட்டபோது ஒரு வாக்குறுதி. 2023-24-ல் போட்ட மதிப்பீடும் உண்மையும் எவ்வளவு விலகின என்று மேலே பார்த்தாயிற்று. இன்னொரு பக்கம் வட்டி. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வட்டிக்கே போனது. ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் மீதிக்குள்தான்.

கார் ஒரகடத்துல, வரி எங்கே?

இந்தப் பகுதியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஹூண்டாய், ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, சாம்சங் என்று இத்தனை கம்பெனி இருந்தும் அரசுக்கு ஏன் பணம் போதவில்லை?

பதில் ஜிஎஸ்டியின் அமைப்பில் இருக்கிறது. ஜிஎஸ்டி பொருள் தயாராகும் இடத்தில் சேராது. நுகரப்படும் இடத்தில் சேரும். ஒரகடத்தில் தயாராகும் கார் புனேயில் விற்றால் மாநிலப் பங்கு மகாராஷ்டிராவுக்கு. எண்ணூர் துறைமுகம் வழியாக வெளிநாடு போனால் ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டியே இல்லை. ஆனால் அந்த கார் தமிழ்நாட்டின் உற்பத்தி மதிப்பில் சேரும். அதாவது கடன் விகிதத்தின் வகுக்கும் எண் பெரிதாகும். வட்டி கட்டும் கல்லாப்பெட்டி அதே வேகத்தில் நிறையாது. 2024-25-ல் மாநில வளர்ச்சி 11.19% என்பது நல்ல செய்தி. ஆனால் மாநிலத்தின் சொந்த வரி வருவாய், உற்பத்தி மதிப்பில் 6 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது. "விகிதம் கட்டுக்குள் இருக்கு" என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் சலுகைகள். 1996-ல் ஹூண்டாய் ஒப்பந்தம் போட்ட காலத்திலிருந்து எல்லா ஆட்சிகளும் பெரிய கம்பெனிகளுக்குத் தனித் தொகுப்பு கொடுத்திருக்கின்றன. வரித் திரும்பளிப்பு, முதலீட்டு மானியம், முத்திரைக் கட்டண விலக்கு, மின்வரி விலக்கு. 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் ரூ.6.64 லட்சம் கோடி முதலீட்டுக்கு ஒப்பந்தம் என்று பெருமையாக அறிவித்தார்கள். அதற்காக எந்தக் கம்பெனிக்கு எத்தனை ஆண்டில் எவ்வளவு தரப்போகிறார்கள் என்ற கணக்கு பட்ஜெட் உரையில் வருவதில்லை. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலையைப் பார்த்த ஊர் இது. கம்பெனி வருவதும் போவதும் இங்குள்ளவர்களுக்குப் புத்தகப் பாடம் இல்லை.

மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26-ல் ரூ.13,807 கோடி என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறது. "இலவசம்" என்று விமர்சிக்கவும் அந்த வரி வசதியாக இருக்கிறது. கம்பெனிகளுக்கான சலுகைக்கு அப்படி ஒரு வரி இல்லாததால் அதைப் பற்றி விவாதமும் இல்லை. சிக்கனம் பேசும் எந்தக் கட்சியும் இதை இதுவரை முதல் வாக்குறுதியாக வைக்கவில்லை.

பற்றாக்குறை குறையுமா, இடம் மாறுமா?

மாநில பட்ஜெட்டுக்கு வெளியே இருக்கும் பெரிய ஓட்டை, மின்வாரியம். அதன் நஷ்டத்தைக் கட்டணத்தில் வசூலிக்காமல் விட்டால் வாரியத்தின் கடன் ஏறும். அரசே ஏற்றால் வருவாய்ப் பற்றாக்குறை ஏறும். 2023-24-ல் பற்றாக்குறை கூடியதற்கு, மின்வாரிய நஷ்டத்துக்காக அரசு கொடுத்த தொகை ஒரு முக்கியக் காரணம். முன்பு மறைந்திருந்த நஷ்டம் இப்போது வெளிப்படையாகக் கணக்கில் வருகிறது என்பது அரசுக்குச் சாதகமான வாதம். அது நியாயமானதும்கூட.

மூன்றாவது வழி, மின் கட்டணம். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. உச்சநேரக் கட்டணமும் நிலைக்கட்டணமும் சிறு தொழில்களை நெருக்கியதால் 2023 செப்டம்பரில் சிறு, குறு நிறுவனங்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின. பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து தரும் இருபது பேர் பட்டறைக்கு மின்வரி விலக்கு ஒப்பந்தம் கிடையாது. கரண்ட் பில் ஏறினால் அங்கே முதலில் குறைவது ஓவர்டைம், அடுத்தது ஆள்.

சிக்கனமா, சொன்னதைத் தள்ளிப்போட்டதா?

2021 தேர்தலில் பெட்ரோலுக்கு ரூ.5 குறைப்பதாகச் சொன்ன திமுக, ரூ.3 குறைத்தது. குடும்பத் தலைவிகளுக்கு ரூ.1,000 என்ற அறிவிப்பு 2023 செப்டம்பர் 15-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு. கஜானா பார்வையில் இது பொறுப்பான முடிவு. ஓட்டுப் போட்டவர் பார்வையில் சொன்ன சொல் சுருங்கியது. இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கம்.

எதிர்ப்பக்கமும் அப்படியே. "கட்டுக்கோப்பான நிதி நிர்வாகம்" என்று பேசும் அதிமுக, தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, 2021 பிப்ரவரியில், கூட்டுறவு வங்கிகளில் ரூ.12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. விவசாயிக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அதன் சுமையை அடுத்த அரசின் கணக்கில்தான் எழுத வேண்டியிருந்தது.

ஆக, யார் சொல்வது சரி?

"பாதியாக்கினோம்": ஒரு ஆண்டுக்கு, அதுவும் மதிப்பீட்டளவில் சரி; தொடர்ந்து பார்த்தால் சரியில்லை. ஆனால் 2020-21-ஐவிட நிலைமை மேம்பட்டிருப்பது உண்மை.

"இரட்டிப்பாக்கினார்கள்": தொகையில் சரி. ஆனால் அதைச் சொல்பவர்களின் சொந்தப் பத்தாண்டு அதைவிட வேகமானது.

"நாங்கள் மட்டும்தான் சிக்கனம்": இரு பக்கத்துக்கும் பொருந்தாது. 2013-14-க்குப் பிறகு இரண்டு கட்சிகளாலும் ஒரு ஆண்டில்கூட வருவாய்ப் பற்றாக்குறையைப் பூஜ்ஜியமாக்க முடியவில்லை.

கொரோனா, ஜிஎஸ்டி இழப்பீடு 2022 ஜூனில் நின்றது, மத்திய வரிப் பகிர்வில் 2021-26 காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 4.079% மட்டுமே இருந்தது, இவையெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் காரணம் சொல்லும் உரிமை ஆளும்போது மட்டும் கிடைத்து, எதிர்க்கட்சிக்கு வந்ததும் மறந்துபோகக் கூடாது.

அதனால் ஓட்டு கேட்டு வருபவர்களிடம் ஒரகடத்துக்காரர்கள் மூன்று விஷயம் கேட்கலாம். ஒன்று, ஒவ்வொரு பட்ஜெட் உரையிலும் முந்தைய ஆண்டுகளின் மதிப்பீட்டையும் உண்மைக் கணக்கையும் ஒரே பக்கத்தில் போடுவீர்களா? இரண்டு, கம்பெனிகளுக்குத் தரும் சலுகையை, மகளிர் உரிமைத் தொகை மாதிரி, ஆண்டுக்கு இவ்வளவு என்று தனி வரியில் காட்டுவீர்களா? மூன்று, வருவாய்ப் பற்றாக்குறை எந்த ஆண்டு முடியும், அதற்கு எந்த வரி ஏறும், எந்தச் செலவு குறையும்?

மூன்றாவதுக்குத் தேதியும் பெயரும் சொல்லாத பதில் எதுவாக இருந்தாலும், அது இன்னொரு ஃபார்வர்டுதான். பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும் முன்பே டெலீட் பண்ணிவிடலாம்.